பாறையைப் பெயர்க்கும் நால்வரைப் படைத்தவர்

சென்னைக்குப் போய் வந்த உறவினர் யாராவது இருந்தால், மெரினா கடற்கரைப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நாலு ஆட்கள் பெரிய பாறையொன்றை மூச்சைப் பிடித்து நெம்புகிற சிலை அதில் இருக்கும். உழைப்பாளர் சிலை என்பார்கள்.

செய்தவர் தமிழரல்லர், தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்காளி. இன்று வங்காளதேசத்தில் இருக்கும் ரங்கபூர்ப் பகுதியில், 1899-ல் ஜமீன் குடும்பமொன்றில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். மல்யுத்தம் பழகினார், புல்லாங்குழல் வாசித்தார், வேட்டைக்குப் போனார், கதையும் எழுதினார். பிள்ளை படம் கிறுக்கினால் படிப்பு கெட்டுப்போகும் என்று நோட்டைப் பிடுங்குகிற பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கவும்.

1929-ல் சென்னை அரசினர் ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு இவரே முதல் இந்தியத் தலைவர். 1957 வரை, 28 ஆண்டுகள் அங்கே இருந்தார். சிற்பி தனபால், ஓவியர் பணிக்கர் எல்லாம் இவர் கையில் வளர்ந்தவர்கள்தாம்.

வெண்கலச் சிலை எப்படி உண்டாகிறது தெரியுமா? முதலில் களிமண்ணில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அப்புறம் மெழுகு, மெழுகைச் சுற்றி மண் பூச்சு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் காய்ச்சிய வெண்கலத்தை ஊற்ற வேண்டும். அச்சு பத்திரமாக இருந்தால் ஒரே உருவத்தை இரண்டு, மூன்று தடவைகூட வார்க்கலாம். வெண்கலம் என்பது செம்பும் ஈயமும் கலந்தது. ஈயம் என்றதும் நம் அம்பாங் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1857-ல் 87 சீனத் தொழிலாளர்கள் காட்டுக்குள் புகுந்து தோண்டியது அதைத்தானே!

பெரிய மனிதர்களின் உருவச் சிலைகளை ராய் சௌத்ரி பல செய்தார். அவற்றின் அடியில் பெயரும் பட்டமும் இருக்கும். உழைப்பாளர் சிலையில் உள்ளவர்களுக்கோ பெயரே கிடையாது. ஆனாலும் சும்மா கற்பனையில் பிடித்த உடம்புகளல்ல அவை. தம் கல்லூரி மாணவர் ஒருவரையும் காவலாளி ஒருவரையும் எதிரே நிற்கவைத்துத்தான் செய்தார். முதுகு வளைவதையும் கால் நரம்பு புடைப்பதையும் பாருங்கள். பால்வாளி தூக்கிப் பழகிய நம் தோட்டத்து ஆட்களுக்கு அந்த வலி எங்கே பிடிக்கும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1959 ஜனவரியில் அது நிறுவப்பட்டது. இந்தியாவிலேயே முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-ல் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். இதே சிலையின் இன்னொரு வார்ப்பு தில்லி நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மெரினா காந்தி சிலையும் இவர் செய்ததே. அதை அதே 1959-ல் நேரு திறந்துவைத்தார்.

1954-ல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவரானார். 1958-ல் பத்ம பூஷண் விருது வந்தது. கடைசியாக எடுத்துக்கொண்டது காந்தியின் தண்டி யாத்திரை. காந்தியோடு சேர்த்துப் பதினோரு உருவங்கள். வேலை முடியுமுன் 1975-ல் காலமானார். மீதியை மற்றவர்கள் முடித்து, தில்லியில் நிறுத்தினார்கள்.