குதிரை வண்டியில் வந்த தூசு உறிஞ்சி

2021 டிசம்பர் 18-ஆம் தேதியைச் சிலாங்கூர்வாசிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் உள்ள என் அத்தை வீட்டிலும் அன்று வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த பிறகு புஞ்சாக் ஆலாமிலிருந்து நாங்கள் உதவிக்குப் போனோம். வாசலில் கால் வைத்ததும் கணுக்கால் வரை சேறு. எங்களிடம் இருந்தவை இரண்டு மண்வெட்டி, மூன்று வாளி, ஈர்க்கு விளக்குமாறு. இவற்றோடு எங்கள் தாமானில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் கொடுத்தனுப்பிய பீப்பாய் போன்ற இயந்திரம் ஒன்றும் இருந்தது. கடைகளில் ‘வெட் அண்ட் டிரை வெக்கும்’ என்று விற்பார்களே, அதுதான்.

கெட்டிச் சேற்றை மண்வெட்டியால் அள்ளிய பிறகுதான் அதற்கு வேலை வந்தது. விளக்குமாற்றால் தள்ளும்போதெல்லாம் கூடத்துச் சேறு சமையலறைக்குப் போனது, சமையலறைச் சேறு மறுபடியும் கூடத்துக்கு வந்தது. வெக்குமோ தண்ணீரோடு சேற்றையும் இழுத்துத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பீப்பாய் நிறைந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. முதுகு வலியோடு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான், இதை முதலில் யோசித்தவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

அவர் பெயர் ஹியூபர்ட் செசில் பூத். 1871 ஜூலை 4-ஆம் நாள் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பிறந்தவர். 1889-இல் லண்டனுக்குச் சென்று, மத்தியத் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டுமானமும் இயந்திரவியலும் படித்தார். பின்னர் மாட்ஸ்லி, சன்ஸ் அண்ட் ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற பொறியியல் நிறுவனத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். போர்க்கப்பல் இயந்திரங்கள், தொங்கு பாலங்கள் என்று அவர் கைபட்டவை எல்லாமே பெரியவை. லண்டன், பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களில் எழுந்த ராட்சத ராட்டினங்களின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1897-இல் கட்டப்பட்ட வியன்னா ராட்டினத்தின் உயரம் சுமார் 65 மீட்டர். அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுத் தூசைப் பற்றிக் கவலைப்படுவார் என்று யார்தான் எதிர்பார்த்திருப்பார்கள்?

1901-ஆம் ஆண்டு லண்டனில் உள்ள எம்பயர் அரங்கில் ஓர் அமெரிக்கர் தம் புதிய துப்புரவுக் கருவியைச் செய்து காட்டினார். பூத்தும் பார்க்கப் போயிருந்தார். அந்தக் கருவி அழுத்தப்பட்ட காற்றைக் கம்பளத்தின் மீது ஊதும். கிளம்பும் தூசு ஒரு பெட்டிக்குள் போய் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பாதித் தூசு பெட்டிக்குப் போகாமல் மேலே பறந்து, மீண்டும் கம்பளத்திலேயே படிந்தது. அத்தை வீட்டில் எங்கள் விளக்குமாறு செய்த அதே வேலைதான்! ஊதுவதற்குப் பதில் ஏன் உறிஞ்சக்கூடாது என்று பூத் கேட்டார். அது நடக்காத காரியம் என்று சினத்தோடு சொல்லிவிட்டு அந்த மனிதர் நகர்ந்துவிட்டார்.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். பூத்தால் முடியவில்லை. சில நாள்களுக்குப் பிறகு விக்டோரியா தெருவில் உள்ள ஓர் உணவகத்தில் நண்பர்களோடு இருந்தபோது, நாற்காலியின் பட்டுத்துணிச் சாய்மானத்தில் வாயை வைத்துப் பலமாக உறிஞ்சினார். தூசு தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறிப்போனது. கைக்குட்டையை இடையில் வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது, அதன் மறுபக்கத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. துணி காற்றை விட்டுவிடுகிறது, தூசைப் பிடித்துக்கொள்கிறது. இன்று நம் வீட்டு வெக்குமில் இருக்கும் வடிகட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆய்வுக்கூடம் இல்லை, செலவும் இல்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியாது!

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு உருவான இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுபோகவே முடியாது. எரிபொருளில் ஓடும் இன்ஜினும் காற்றை இழுக்கும் பம்பும் சிவப்பு நிற வண்டி ஒன்றில் பொருத்தப்பட்டிருந்தன. வண்டியைக் குதிரை இழுத்து வரும். தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். சீருடை அணிந்த பணியாளர்கள் அறை அறையாகச் சுத்தம் செய்வார்கள். மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘பஃபிங் பில்லி’. அதன் இரைச்சலில் தெருவில் போன குதிரைகள் மிரண்டன. புகார்களும் வழக்குகளும் வந்தன. மறுபுறம், பணக்காரச் சீமாட்டிகள் தோழிகளைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, வீடு சுத்தமாவதை வேடிக்கை காட்டினார்கள். தங்கள் கம்பளத்து அழுக்கு ஓடுவதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே குழாயில் ஒளி ஊடுருவும் பகுதியும் இருந்தது.

1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் விரிக்கப்பட்ட பெரிய நீலக் கம்பளம் தூசு படிந்து கிடந்தது. அதைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் அடித்துத் தட்ட நேரமில்லை. பூத்தின் வண்டியை அழைத்தார்கள், கம்பளம் இருந்த இடத்திலேயே சுத்தமானது. அரண்மனைக்கும் இயந்திரம் வாங்கப்பட்டது. அதன் பிறகு விளம்பரத்துக்கு அவர் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பூத் செய்த வேலைகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அரண்மனைச் சம்பவம் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற மாபெரும் கண்ணாடிக் கட்டடத்தில் கடற்படையினர் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே மூளைக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. கட்டடத்தில் பல்லாண்டுத் தூசு. பூத்தின் 15 இயந்திரங்கள் ஏறத்தாழ நான்கு வாரம் வேலை செய்து வெளியேற்றிய தூசின் எடை 26 டன் என்று பதிவாகியுள்ளது. நம் பக்கத்துச் சாலைகளில் செம்பனைக் குலைகளை ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பல லாரிகள் நிறையத் தூசு! அதன் பிறகு நோய் அடங்கியது என்கிறார்கள். மூளைக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் நெருக்கமாகத் தங்குவோரின் மூச்சு, இருமல் வழியாகப் பரவுவது. ஆகவே முழுப் பெருமையையும் இயந்திரத்துக்கே கொடுக்க எனக்குத் தயக்கம்தான். இருந்தாலும் அந்த 26 டன் தூசுக்கு நடுவில் மனிதர்கள் உறங்கினார்கள், சுவாசித்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

இங்கே ஓர் அறிவியல் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வெக்கும் உண்மையில் ‘உறிஞ்சுவதில்லை’. உள்ளே இருக்கும் பம்போ விசிறியோ காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று, அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கிப் பாய்கிறது. பாயும்போது தூசையும் நீரையும் அள்ளிக்கொண்டு போகிறது.

அப்படியானால் வீட்டில் இருக்கும் சாதாரண வெக்குமால் தண்ணீரை எடுக்கலாமா? கூடவே கூடாது. அதில் உள்ளே வரும் காற்றே மோட்டாரைக் கடந்து போய் அதைக் குளிர்விக்கிறது. நீர் புகுந்தால் மின்கசிவு ஏற்படும். ஈரத்துக்கும் ஏற்ற வகையில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுவழி உண்டு. அகன்ற பீப்பாய்க்குள் வந்ததும் காற்றின் வேகம் குறைவதால் கனமான நீர் அடியில் விழுந்துவிடும். நீர் மேலே ஏறினால் ஒரு மிதவை எழும்பிக் காற்றுவழியை அடைக்கும். அப்போது மோட்டாரின் சத்தம் மாறிக் கீச்சிடும். அத்தை வீட்டில் முதல் முறை அந்தச் சத்தம் கேட்டபோது, இரவல் வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று நான் பயந்தே போனேன். தாள் வடிகட்டியைக் கழற்றாமலே தண்ணீரை எடுக்கத் தொடங்கியதும் நான் செய்த தவறுதான். அது ஊறிக் கூழாகிவிட்டது. ஒன்றை மட்டும் அப்பா சரியாகச் செய்தார். வெள்ளம் புகுந்த வீட்டு மின்சாரத்தைத் தொடவே விடவில்லை. மாடி வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு, அங்கிருந்து மின்கம்பியை இழுத்து வந்தார். இணைப்பைத் தரையில் படாமல் உயரத்தில் கட்டிவைத்தார்.

மீண்டும் பூத்துக்கு வருவோம். இவ்வளவு யோசித்தவர் ஒன்றைத் தவறவிட்டார் என்பது என் கருத்து. துப்புரவை ஒரு சேவையாக, பெரிய வண்டியும் பெரிய கட்டடமுமாகவே அவர் பார்த்தார். ராட்டினம் கட்டியவர் அல்லவா! கையில் பிடிக்கும் அளவுக்கு அதைச் சுருக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. விளக்குமாறு கிளப்பிய தூசு அவர் மூச்சைப் பிடித்தது. விசிறி மோட்டார், விளக்குமாற்றுக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவி செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே பிரிட்டனில் நாளடைவில் தூசு உறிஞ்சிக்குப் பெயராகிவிட்டது. பூத்தின் சொந்த நாட்டிலேயே! தூசைத் தினமும் விழுங்கியவருக்குத் தெரிந்தது, தூசை ஒரு முறை விழுங்கிய பொறியாளருக்குத் தெரியவில்லை போலும்.

இதனால் பூத் முடங்கிவிடவில்லை. அவர் தொடங்கிய நிறுவனம் பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் துப்புரவு இயந்திரங்களைத் தொடர்ந்து பொருத்தி வந்தது. 1955 ஜனவரி 14-ஆம் நாள், 83-ஆவது வயதில், லண்டனை ஒட்டிய குரோய்டனில் அவர் காலமானார். அவர் பங்களித்த வியன்னா ராட்டினம் இரண்டாம் உலகப் போரில் எரிந்து, மீண்டும் சீர் செய்யப்பட்டு, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அத்தை வீடு சுத்தமாக எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. இயந்திரத்தைக் கழுவிக் காய வைத்து, புது வடிகட்டி வாங்கிப் போட்டு மாமாவிடம் திருப்பிக் கொடுத்தோம். அதில் இன்னும் சேற்று வாடை போகவில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.