புலி விட்டுப்போன சிறுவன்

ஆண்டுதோறும் நவம்பர் 15-ந்தேதி, இமயமலை அடிவாரத்தில் ஒரு காட்டின் கதவு திறக்கிறது. மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த கதவு அது. அதன் வழியாகத்தான் திகாலா என்ற புல்வெளிக்குப் போக வேண்டும்.

பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். கம்பளிக் குல்லாய் போட்ட குழந்தைகள் அம்மாவின் மடியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். நல்ல குளிர். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே ஆசைதான். புலியைப் பார்க்க வேண்டும்!

ஆனால் கதவு திறந்த புதிதில் புலியைக் காண்பது எளிதல்ல. மழையில் வளர்ந்த புல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பக்கத்திலேயே புலி படுத்திருந்தாலும் தெரியாது. அரை மணி நேரத்தில் குழந்தைகள் சலித்துப் போகிறார்கள். கொடுத்த காசை நினைத்து அப்பாக்கள் ஜீப் ஓட்டுகிறவரைக் கோபித்துக் கொள்கிறார்கள்.

அந்தக் காட்டின் பெயர் கார்பெட் தேசியப் பூங்கா. அந்தப் பெயருக்கு உரிய ஜிம் கார்பெட் காட்டுக்குள் போகத் தொடங்கியபோது அவரும் சிறுபிள்ளைதான். காட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கப் பழகிக்கொண்ட பிள்ளை.

போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை

நைனிடால் என்ற மலை ஊரில் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி ஜிம் பிறந்தான். தகப்பனார் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையக் குழந்தைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிறையுமுன் தகப்பனார் இறந்துவிட்டார். அத்தனை பிள்ளைகளையும் வளர்க்கும் பாரம் தாயார் மேரியின் தலையில் விழுந்தது.

கோடையில் நைனிடால், குளிர்காலம் வந்தால் அடிவாரத்தில் உள்ள காலாதுங்கி கிராமம். இதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம். காலாதுங்கியில் வீட்டைச் சுற்றிலும் காடு. இரவில் பிள்ளைகள் எல்லாரும் பாலத்தின் மேல் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேய்க் கதை கேட்பார்கள். காட்டில் ஒரு பெண் பேய் அலறும், அதன் குரலைக் கேட்ட குடும்பத்துக்குக் கேடு வரும் என்பது ஒரு கதை.

ஒரு நாள் காற்று பலமாக வீசிக் கொண்டிருந்தது. காட்டில் தனியாக நின்ற ஜிம் அந்த அலறலைக் கேட்டான்! பிடித்தான் ஓட்டம். வீட்டுக்கு வந்துதான் நின்றான்.

ஆனால் அந்தக் குரல் அவன் மனத்தை விட்டுப் போகவில்லை. பிறகு மீண்டும் ஒரு காற்று நாளில் அதே குரல் கேட்டது. இந்தத் தடவை அவன் ஓடவில்லை. நெஞ்சு படபடக்க, குரல் வந்த திக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து போனான். அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சாய்ந்த மரம் ஒன்று இன்னொரு மரத்தின் மேல் உராய்ந்து கொண்டிருந்தது. அதுதான் அலறல்!

அன்று முதல், காட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. அந்த விளையாட்டு பின்னால் பலமுறை அவர் உயிரைக் காப்பாற்றியது.

காடு சொல்லும் செய்தி

காட்டில் புலி நடந்தால் சத்தம் கேட்காது. ஆனால் மற்ற பிராணிகள் சும்மா இருப்பதில்லை. மரத்தின் மேல் இருக்கும் குரங்கு முதலில் பார்த்துக் கத்தும். கீழே மேயும் புள்ளிமான் வாலைத் தூக்கிக் கொண்டு கீச்சென்று குரல் கொடுக்கும். மிளா மான் அடித்தொண்டையில் ஒலி எழுப்பும். மயிலும் சேர்ந்து கொள்ளும். இந்தக் குரல்கள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ, அந்தப் பக்கம் புலி போகிறது என்று அர்த்தம். ஜிம் இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அண்ணன் டாம் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். திருட்டு வேட்டையில் கைதேர்ந்த குன்வர் சிங் என்பவர் நிறையச் சொல்லிக் கொடுத்தார். மீதியைக் காடே கற்றுக் கொடுத்தது.

முதலில் கையில் இருந்தது உண்டிவில். பிறகு வில்லும் அம்பும். அதன் பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி கிடைத்தது. அதிலும் ஒரு குழல் வெடித்துப் போனது; உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது.

அந்த ஓட்டைத் துப்பாக்கியுடன் ஒரு நாள் காட்டுக்கோழியைத் தேடி ஒரு புதரை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போனான் ஜிம். புதர் அசைந்தது. மறுபக்கத்திலிருந்து வெளியே வந்தது கோழியல்ல, புலி!

பையன் சிலையாக நின்றான். புலி திரும்பி நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, இந்தப் பொடிப் பயலோடு நமக்கு என்ன வேலை என்பது போல, அவசரமில்லாமல் நடந்து போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சம்பவத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. புலி காரணமின்றி மனிதனைத் தொடாது என்று பிற்காலத்தில் திரும்பத் திரும்ப எழுதினார்.

பல் உடைந்த புலி

வாலிபரானதும் கார்பெட் ரயில்வேயில் சேர்ந்தார். கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில், சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார். முதல் உலகப் போரின்போது குமாவுன் மலைவாசிகள் 500 பேரைத் திரட்டிக் கொண்டு பிரான்சுக்குப் போனார்.

உலகுக்கு அவரைத் தெரிவித்தது சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் 200 பேரையும், எல்லை தாண்டி வந்து குமாவுனில் 236 பேரையும் அது கொன்றதாகக் கணக்கு. கிராமங்களில் ஜனங்கள் கதவைத் திறக்கவே பயந்தார்கள். 1907-ல் அதிகாரிகள் கார்பெட்டை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பரிசுப் பணம் கூடாது. மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும்.

புலியைச் சுட்டு வீழ்த்தியபின் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்களில் மேல்பல் பாதியும், கீழ்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. எப்போதோ ஒரு மனிதன் சுட்ட குண்டின் வேலை! மானைப் பிடிக்க முடியாத புலி மனிதனைப் பிடித்தது. 436 உயிர்களின் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று அவருக்குப் புரிந்தது.

1926-ல், எட்டு ஆண்டுகளாக யாத்திரிகர்களை நடுங்க வைத்த ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் அவரே சுட்டார். மலை ஜனங்கள் அவரைக் கார்பெட் சாகிப் என்று கொண்டாடினார்கள்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. 1930-ல், ஒரு மனிதரையும் தின்னாத பவல்கட் புலியை, அது பெரிய புலி என்பதற்காகவே சுட்டார். ஆனால் அந்தக் காலத்தில்தான் அவர் கைக்குத் துப்பாக்கியை விடச் சினிமாக் காமிரா பிடித்துப் போயிற்று. ஓடைக்கரையில் மறைந்திருந்து நாள்கணக்கில் புலிகளைப் படம் பிடித்தார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டைப் பற்றிப் பேசினார். பறவைகளைப் போலவும் புலியைப் போலவும் குரல் கொடுத்துக் காட்டினார். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

துப்பாக்கி நுழையாத காடு ஒன்று வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐக்கிய மாகாணத்தின் கவர்னர் மால்கம் ஹெய்லி அதற்குத் துணை நின்றார். 1936-ல் ராம்கங்கை நதிக்கரையில், சுமார் 320 சதுர கிலோமீட்டர் காடு ஹெய்லி தேசியப் பூங்கா ஆயிற்று. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். எல்லைகளை வகுக்க உதவியவர்களில் கார்பெட்டும் ஒருவர்.

கார்பெட் கலியாணம் செய்து கொள்ளவில்லை. தமக்கை மாகியும் அப்படியே. 1947-ல் இருவரும் இந்தியாவை விட்டுக் கென்யா நாட்டுக்குப் போனார்கள். கிளம்புமுன், காலாதுங்கியை ஒட்டித் தாம் வாங்கி வளர்த்த சோட்டி ஹல்துவானி கிராமத்து நிலங்களை, அவற்றை உழுதுவந்த குடியானவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

கென்யாவில் நியேரி என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த சிறு வீடு, சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் முன்பு வாழ்ந்த வீடு. 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி கார்பெட் அந்த ஊரில் காலமானார். பிறகு சுதந்திர இந்தியா அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. புலிகளைக் காக்கும் திட்டம் 1973 ஏப்ரலில் அங்கிருந்துதான் தொடங்கப்பட்டது. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 260 புலிகள் இருந்தன. இந்தியாவில் வேறு எந்தப் புலிகள் காப்பகத்திலும் அத்தனை இல்லை.

ராம்நகரிலிருந்து நைனிடால் போகும் வழியில் காலாதுங்கி வருகிறது. கார்பெட்டின் வீடு இப்போது காட்சிசாலை. புலியைப் பார்க்காமல் திரும்பும் பிள்ளைகளை அங்கே இறக்கி, மரத்தடியில் சற்று நேரம் பேசாமல் உட்கார வைக்கலாம். காற்று அடித்தால், மரங்கள் உராய்வது அங்கேயும் கேட்கும்.