பனிமலை கண்ட வைத்தியப் பெருந்தகை

பல்லேபொலயில் வாழும் யாம் பனிமலையைக் கண்ணாற் கண்டதில்லை. எனினும் மாத்தளை மாவட்டத்தார்க்கு மலைச்சரிவின் இயல்பு புதிதன்று. நேற்றுவரை உறுதியாய் நின்ற மண், அடைமழையின்போது நொடிப்பொழுதிற் பெயர்ந்து வீழ்தலை யாம் அறிவோம். மண்ணுக்கு மழை எத்தகையதோ, மலைப்பனிக்குப் புதிதாய்ப் பொழியும் பனி அத்தகையது. அதன் உறுதியைக் கணிப்பதில் ஒருமுறை பிழைத்துப் பெருந்துயர் எய்தியும், தளராது தமிழ்நாட்டில் நோயாளர் துயர் துடைத்த வைத்தியர் சொமர்வெல் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

தியோடர் ஹொவார்ட் சொமர்வெல் 1890 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆந் திகதி இங்கிலாந்தின் கெண்டல் நகரிற் பிறந்தார். அன்னாரது குடும்பம் பாதணித் தொழிலிற் செழித்த குடும்பம். றக்பி பள்ளியிலும் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றுச் சத்திரசிகிச்சை வைத்தியரானார். முதலாம் உலகப் போரில், பிரான்சின் சொம் போர்முனையிற் காயமுற்றோர்க்குச் சிகிச்சை அளித்தார். ஓவியம், இசை, மலையேற்றம் ஆகிய மூன்றிலும் வல்லவர்.

1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் அவர் இடம்பெற்றார். மே 21 ஆந் திகதி மலோரி, நோட்டன் என்போருடன் ஏறத்தாழ 8,200 மீற்றர் உயரத்தை எட்டினார். அதுவரை எவரும் அவ்வுயரம் ஏறியதில்லை. ஆயின் யூன் மாதத் தொடக்கத்திற் பெரும்பனி பொழிந்தது. ஒருநாள் வெயில் அடித்ததும் புதுப்பனி இறுகிற்றென எண்ணி, யூன் 7 ஆந் திகதி மலோரி, சொமர்வெல், குரோபோட் ஆகிய மூவரும் பதினான்கு சுமையாளருடன் வடகணவாயை நோக்கி ஏறினர். செங்குத்தான ஓரிடத்திற் பனியை மிதித்துச் சோதித்தும் பார்த்தனர். அது அசையவில்லை. அச்சம் நீங்கி மேலே சென்றனர். பிற்பகலில் வெடிமருந்து வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. சரிவு முழுவதும் நகர்ந்தது. பின்வந்த சுமையாளர் ஒன்பதின்மர் பனிப்பாறையின் விளிம்பைத் தாண்டி வீழ்ந்தனர். எழுவர் மாண்டனர்.

சோதனை பொய்த்தது ஏன்? மலைப்பனி அடுக்கடுக்காய்ப் படிவது. அடுக்குகளுக்கிடையே மணல்போல் ஒட்டாத நலிந்த படலம் ஒன்று மறைந்திருத்தல் கூடும். புதுப்பனியின் பாரமும் மனிதரின் காலடியும் சேருங்கால் அப்படலம் முறிய, மேலடுக்கு முழுவதும் பலகைபோல் வழுக்கி இறங்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்குப் பெரிதும் இடமாவன. ஓரிடம் தாங்கியதால் மற்றோரிடமும் தாங்கும் என்பது துணிபன்று. ஆதலின் இக்காலத்தார் பனியிற் குழி தோண்டி அடுக்குகளை ஆராய்வர். தனியே வெட்டிய பனித்தூணை மண்வாரியால் தட்டி, எத்தட்டில் முறிகின்றதெனக் காண்பர். கடந்த நாட்களின் பொழிவையும் காற்றையும் வெப்பத்தையும் கூட்டிப் பார்ப்பர். இத்தனையும் செய்தபின்னும் ஐயமிருப்பின் திரும்பிவிடுவர்.

அன்று தாம் உயிர்தப்பச் சுமையாளரே மாண்டமை சொமர்வெல்லை வருத்திற்று. இறந்தோருள் வெள்ளையர் ஒருவரேனும் இல்லையே என ஏங்கினார். பின்னர் இந்தியாவைச் சுற்றிவருகையில், அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் இலண்டன் மிசன் வைத்தியசாலையைக் கண்டார். நோயாளர் திரளாய்க் காத்திருக்க, சத்திரசிகிச்சை செய்வோர் போதாமை அவர் நெஞ்சை உருக்கிற்று. இலண்டனில் வைத்தியராகும் எண்ணத்தைக் கைவிட்டு அங்கேயே பணி ஏற்றார்.

1924 இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றார். அப்பொழுதும் புதுப்பனி பொழிந்தது. வடகணவாயிற் சுமையாளர் நால்வர் சரிவைக் கடக்க அஞ்சி மேலேயே தங்கிவிட்டனர். பனி நம்பத்தக்கதன்று என்பதை இம்முறை அவர் நன்கறிவார். ஆயினும் மே 24 ஆந் திகதி, நோட்டனும் மலோரியும் கயிற்றைப் பற்றி நிற்க, இருமலால் வருந்திய நிலையிலும் தாமே முன்சென்றார். நால்வரையும் எட்டுமுன் கயிறு முடிந்தது. இருவர் கடந்து வந்தனர்; ஏனையிருவர் வழுக்கிச் சரிந்து, நற்பேறாய்ச் சற்றுக் கீழே நின்றனர். சொமர்வெல் பனிக்கோடரியை ஊன்றித் தம் இடையிற் கட்டிய கயிற்றை அவிழ்த்து அதிற் சுற்றி, அதன் நுனியை ஒரு கையாற் பற்றி, மறுகையால் அவர்களை இழுத்தெடுத்தார். நால்வரும் பிழைத்தனர். சிகரம் அவருக்கு எட்டவில்லை. யாம் போற்றுவது இம்மீட்பையே.

பின்னர் 1949 வரை நெய்யூரிலும், 1961 வரை வேலூர் கிறித்தவ வைத்தியக் கல்லூரியிலும் தொண்டாற்றினார். 1975 ஆம் ஆண்டு சனவரி 23 ஆந் திகதி இங்கிலாந்தில் மறைந்தார்.

மாணவச் செல்வங்காள்! ஓரடி தாங்கியதைக் கொண்டு மலை முழுவதையும் நம்பற்க. எம் நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும்போது, இதுவரை விழாத மலை இனியும் விழாது என வாதிடற்க. பிழை நேர்ந்துவிடின், அதன் சுமையைப் பிறர்மேல் ஏற்றாது, கயிறு முடிந்தவிடத்தும் கைநீட்டுக. கல்வியின் பயன் அதுவே என்பது எம் துணிபு.