குளத்துக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிய லிண்ட்மேன்

நம்ம சுவர் இதழில் அறிஞர் வாழ்க்கை என்றாலே ராமானுஜன், சி.வி. ராமன், மேரி கியூரி என்றுதான் வரும். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் இந்த மாதம் நான் ரேமண்ட் லிண்ட்மேன் என்பவரைப் பற்றி எழுதப் போகிறேன். யாருப்பா இது என்று கேட்காதீங்க. உணவுச் சங்கிலி பாடத்தில் பத்து சதவீத விதி என்று போர்டில் எழுதுவாங்களே, அந்த விதிக்கு இவர் பெயரைத்தான் சொல்வார்கள். சூழலியல் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது.

1915-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1936-ல் பட்டம் வாங்கினார். பிறகு மேல்படிப்புக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பெரிய கடலையோ காட்டையோ இல்லை. சீடர் பாக் ஏரி என்ற ஒரு சின்ன நீர்நிலை. பேர்தான் ஏரி. அளந்தால் மூன்றரை ஏக்கர் சொச்சம். ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், நம்ம இடுப்பளவு தண்ணீர். அடியில் சேறும், கரையில் புல்லும் செடியும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிற கிழட்டு ஏரி அது. இதைப் போய் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கு என்று யாருக்கும் தோன்றும்.

அந்த ஏரிக்கு அவர் சுமார் ஐந்து வருஷம் போய் வந்தார். அவருடைய மனைவி எலினாரும் உயிரியல் படித்தவர். அவரும் கூடவே நின்று வேலை செய்தார். (புத்தகத்தில் லிண்ட்மேன் பெயர் மட்டும்தான் வருகிறது. அதனால் எலினார் பெயரை நான் இங்கே எழுதியே ஆகணும்.) தண்ணீரை மொண்டு எடுப்பார்கள், அடிச் சேற்றை அள்ளுவார்கள், மைக்ராஸ்கோப்பில் வைத்து எது என்ன உயிர், எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார்கள். மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி மேலே பனிக்கட்டியாக உறைந்துவிடும். உறைந்த ஏரிக்குள் காற்று போகாது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்துப்போகும். ஆனால் சேற்றுக்குள் இருக்கும் சில பூச்சிகளின் புழுக்கள் மட்டும் தாக்குப் பிடிக்கும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள அதற்கென்று தனியாகச் சோதனையும் செய்து பார்த்தார்.

இப்போ உணவுச் சங்கிலிக்கு வருவோம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் அல்லித் தொட்டி இருந்தால்கூட அதில் இது நடக்கும். வெயிலை வைத்துப் பாசி வளரும். பாசியை நீர்த்தெள்ளு மாதிரி கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகள் தின்னும். அவற்றைத் தட்டானின் இளம்புழுவும் மீன்குஞ்சும் தின்னும். மீனைக் கொக்கு கொத்திக்கொண்டு போகும். யார் யாரைத் தின்கிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுவதை லிண்ட்மேனுக்கு முன்னாலேயே நிறைய பேர் செய்திருந்தார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் என்பவர் 1927-லேயே, மேலே போகப் போக உயிர்களின் எண்ணிக்கை குறைகிறது, கோபுரம் மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டார். ஆனால் ஏன் குறையணும்? ஒரு குளத்தில் ஆயிரம் மீனுக்கு ஆயிரம் கொக்கு ஏன் இருக்கக்கூடாது?

இந்த ஏன் என்பதற்குத்தான் லிண்ட்மேன் கணக்குப் போட்டார். பாசி, பூச்சி, மீன் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்தார். அந்த அளவுகோல் கலோரி. எவ்வளவு எடை உயிர் இருக்கிறது, வருஷத்தில் எத்தனை தடவை புதுசாக உருவாகிறது என்று பார்த்து, அதை ஆற்றலாக மாற்றி எழுதினார். கடைக்காரர் எல்லாச் சாமானையும் ரூபாயாக்கிக் கணக்கு எழுதுவது போலத்தான்.

அந்தக் கணக்கைப் பாருங்க. ஏரியில் ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது நம்ம விரல் நகம் அளவு இடம். அதில் ஒரு வருஷத்துக்கு விழும் வெயில் கிட்டத்தட்ட 1,19,000 கலோரி. அதில் பாசியும் செடியும் பிடித்து உணவாக்கியது 111 கலோரிதான். ஆயிரத்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை! அந்த 111-ல் தாவரம் தின்னிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 15. அந்த 15-ல் ஊன் தின்னிகளுக்குப் போனது 3. இதை முதல் தடவை படித்தபோது, மீதி எல்லாம் எங்கே போச்சு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு உயிரும் மூச்சு விடுவதற்கும் அசைவதற்கும் செலவழிக்கிறது, அது வெப்பமாகப் போய்விடுகிறது. கொஞ்சம் யார் வாயிலும் மாட்டாமல் செத்து அடியில் சேருகிறது. கொஞ்சம் தின்றும் செரிக்காமல் வெளியே போகிறது. அதனால்தான் மேல் படியில் இருக்கிறவருக்கு எப்பவும் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆயிரம் கொக்குக்குச் சாப்பாடு கிடையாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. நாம நோட்டில் உணவு வலை வரைந்தால் சூரியன், பாசி, மீன், கொக்கு என்று அழகாக வரைவோம். சேற்றை வரையவே மாட்டோம். லிண்ட்மேன் தன் படத்தில் நட்டநடுவில் வைத்தது சேற்றைத்தான். செத்த பாசி, செத்த மீன், உதிர்ந்த இலை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து, சத்துகளை மறுபடி தண்ணீருக்குக் கொடுக்கும். அந்தச் சத்தை எடுத்துத்தான் பாசி வளரும். குளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று சேற்றை மொத்தமாக வழித்தெடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

1941-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. உடனே யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஹட்சின்சன் என்ற பெரிய ஏரி விஞ்ஞானி இருந்தார். அவரோடு பேசிப் பேசித் தன் கணக்கை எல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி, எகாலஜி என்ற இதழுக்கு அனுப்பினார். அங்கே ஒரு கட்டுரை வந்தால் அந்தத் துறையில் பழுத்தவர்களிடம் கொடுத்துக் கருத்து கேட்பார்கள். சான்சி ஜூடே, பால் வெல்ச் என்ற இரண்டு ஏரி அறிஞர்களிடம் போனது. இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சின்ன ஏரியை வைத்து இவ்வளவு பெரிய கொள்கை சொல்வது சரியில்லை, இன்னும் நிறைய ஏரிகளை அளக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு முதலில் அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. வாழ்நாள் முழுக்க ஏரி ஏரியாகப் போய் அளந்தவர்கள் அவர்கள். ஜூடே அளந்த மெண்டோட்டா ஏரியின் எண்களைத்தான் லிண்ட்மேனே தன் கட்டுரையில் ஒப்பிட எடுத்துக்கொண்டார். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இன்னும் பத்து வருஷம் அளந்துவிட்டு வா என்று சொல்வதற்கு லிண்ட்மேனிடம் பத்து வருஷம் இல்லை. அவருக்கு ஈரல் நோய் இருந்தது. அடிக்கடி படுத்துவிடுவார்.

ஹட்சின்சன் விடவில்லை. இந்தக் கட்டுரை வந்தே ஆகவேண்டும் என்று இதழின் ஆசிரியர் தாமஸ் பார்க்குக்குக் கடிதம் எழுதினார். லிண்ட்மேனும் கட்டுரையைத் திருத்தி எழுதினார். இரண்டு பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், பார்க் அதை 1942-ல் ஏற்றுக்கொண்டார். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த ஆள் இந்தத் தாமஸ் பார்க்தான். அவர் ஒரு கையெழுத்து போடாமல் விட்டிருந்தால் அவ்வளவுதான்.

1942 ஜூன் 29-ஆம் தேதி லிண்ட்மேன் இறந்துபோனார். 27-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் 25 நாள் இருந்தது. கட்டுரை அச்சில் வந்தது அக்டோபர் மாதம். கடைசியில் ஹட்சின்சன் அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்திருந்தார். தன் கட்டுரையை அச்சில் பார்க்க லிண்ட்மேனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த இடத்தில் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பீங்க. 111-ல் 15 என்றால் பத்து சதவீதம் இல்லையே, 13 சதவீதம் வருதே. 15-ல் 3 என்றால் 20 சதவீதம் வருதே. ஆமாம், அவர் குளத்தில் எந்தப் படியிலும் சரியாகப் பத்து வரவில்லை. மேலே போகப் போக உயிர்கள் உணவைக் கூடுதலாகப் பயன்படுத்துகின்றன என்றுதான் அவர் நினைத்தார். பிற்பாடு வேறு வேறு நீர்நிலைகளை அளந்தபோது ஒரு இடத்தில் கூடவும் ஒரு இடத்தில் குறையவும் வந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக நமக்குப் பத்து என்று சொல்லித் தருகிறார்கள். பரீட்சையில் பத்து என்றே எழுதுங்க, இல்லாவிட்டால் மார்க் போய்விடும். ஆனால் குளத்துக்கு அந்தப் பத்து தெரியாது.

அவர் நடந்த அந்த இடம் இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் காப்பிடமாக இருக்கிறது. ஏரி, கடல் விஞ்ஞானிகளின் சங்கம் ஒன்று 1987 முதல் லிண்ட்மேன் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. தண்ணீரில் வாழும் உயிர்களைப் பற்றியும் நீர்நிலைகளைப் பற்றியும் நல்ல கட்டுரை எழுதிய இளம் விஞ்ஞானிகளுக்குத்தான் அது. 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது.

- 9-ஆம் வகுப்பு மாணவி