ஒருத்தர் மட்டும் வேறமாதிரிச் சொன்னால்…

போன மாதம் லண்டனில் எங்கட ஊர்ச் சங்கக் கூட்டம் நடந்தது. கோயில் திருப்பணிக்குச் சேர்த்த காசில் பாதியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாம் என்று ஒரு முதியவர் எழும்பிச் சொன்னார். சொல்லி முடிக்க முதலே மண்டபம் கத்தத் தொடங்கிவிட்டது. கடைசியில் மைக்கையும் பறிச்சுப்போட்டினம். அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அவரைப் பேச விடுங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு எனக்கு ஜோன் ஸ்டூவர்ட் மில் நினைவுக்கு வந்தார். தேம்ஸ் கரையில், டெம்பிள் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அவருக்கு ஒரு சிலை இருக்கு.

1806இல் லண்டனில் பிறந்தவர் மில். தகப்பன் ஜேம்ஸ் மில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் லத்தீன் என்று வீட்டிலேயே படிப்பித்தார். 20 வயதில் பெடியன் மனமுடைந்து போனான். தன்ர வாழ்க்கையை வேறொருவர் திட்டம் போட்டுத் தந்தால் எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தே அறிந்தவர் அவர்.

1830இல் ஹாரியட் டெய்லரைச் சந்தித்தார். அவர் மணமானவர். இருவரின் நட்பைப் பற்றி ஊர் வாய் ஓயவில்லை. ஹாரியட்டின் கணவர் இறந்த பிறகு, 1851இல்தான் கல்யாணம். 7 ஆண்டுகளில் ஹாரியட்டும் போய்விட்டார். அடுத்த ஆண்டு, 1859இல், சுதந்திரம் பற்றிய தன் நூலை அவருக்கே சமர்ப்பித்து வெளியிட்டார் மில். அடுத்தவருக்குத் தீங்கு வராதவரை ஒருவரின் வாழ்க்கையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அரசாங்கத்தை மட்டுமல்ல, நாலுபேர் என்ன சொல்லுவினம் என்ற பயத்தையும் அவர் அடக்குமுறையாகவே பார்த்தார்.

தனிமனித சுதந்திரம் வேணும் என்பதில் தாராளவாதிகள் எல்லாரும் ஒன்று. எது சுதந்திரம் என்று கேட்டால்தான் சண்டை. அரசாங்கம் ஒதுங்கி நிற்பதே சுதந்திரம் என்றார் ஹெர்பர்ட் ஸ்பென்சர். படிப்பும் பாதுகாப்பான வேலையும் இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன், அரசு கைகொடுக்க வேணும் என்றார் டி.எச். கிரீன். மில் இரண்டுக்கும் நடுவில் நின்றார். பிள்ளையைப் படிப்பிக்கச் சொல்லிப் பெற்றோரை அரசு கட்டாயப்படுத்தலாம். ஆனால் எல்லாப் பள்ளிக்கூடமும் அரசின் கைக்குள் போகக்கூடாது என்பது அவர் கட்சி.

1865இல் நாடாளுமன்றம் போனார். 1867 மே 20, அவருடைய பிறந்தநாளன்று, பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். 1873இல் பிரான்சின் அவினியோனில் இறந்து, ஹாரியட்டுக்குப் பக்கத்திலேயே அடக்கமானார்.

இவரைத் தலையில் தூக்கி வைக்க நான் வரவில்லை. 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள், கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர் மில். இந்தியாவை ஒருநாளும் கண்ணால் காணாமல் லண்டனில் இருந்தபடியே அதன் ஆட்சிக்குக் கடிதம் வரைந்தார். தன் சுதந்திரக் கொள்கை இந்தியா போன்ற நாடுகளுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்றும் நினைத்தார். அவர் திறந்த கதவுக்கு வெளியேதான் எங்களைப்போன்ற ஆக்களின் பூட்டன்மார் நின்றவை. இதைச் சொல்லாமல் மில்லைப் புகழ்வது பொய்.

ஆனால் அவர் மற்றவர்களுக்கு மறுத்ததை இண்டைக்கு நாங்களே ஒருத்தருக்கு மறுத்தால், அதுக்கு என்ன பெயர்? சுதந்திரம் இல்லை என்று சொல்லி நாட்டை விட்டு வந்த சனம் நாங்கள். வந்த இடத்தில் ஒரு கிழவரின் ஐந்து நிமிசப் பேச்சைக் கூடப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவருக்கு மைக்கைக் குடுக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். பேசி முடிய, அவருக்கு எதிராகத்தான் கை உயர்த்துவேன்.