சீனிவாச இராமானுசனின் நோய்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) கும்பகோணத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற கணித மேதை ஆவார். இவர் தமது 32 ஆவது வயதில் காலமானார். இவரது இறப்புக்குக் காச நோயே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும் அந்நோய் கண்டறிதல் சரியானதா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது.

இளமை

ஈரோட்டில் பிறந்த இராமானுசன், இரண்டு வயதில் பெரியம்மையிலிருந்து பிழைத்தார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கல்வி கற்றார். 1906 இல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோது சீதபேதியால் பாதிக்கப்பட்டு ஊர் திரும்பினார். 1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1914 இல் கணிதவியலாளர் ஹார்டியின் முயற்சியால் கேம்பிரிட்ஜ் சென்றார்.

இங்கிலாந்தில் நோய்

தீவிர சைவ உணவினரான இவர் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் ஏற்ற உணவு கிடைப்பது அரிதாயிற்று. 1917 இல் நோயுற்றார். முதலில் இரைப்பைப் புண் என ஐயுற்ற மருத்துவர்கள் பின்னர் காச நோய் என்று கருதினர். மெண்டிப் மலைச் சானடோரியத்தில் தமிழ் மருத்துவர் சௌரிமுத்துவின் கவனிப்பில் சிறிது காலம் இருந்தார். இம்மருத்துவரே 1928 இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவர். பின்னர் மேட்லாக், இலண்டன் ஆகிய இடங்களிலும் இராமானுசன் சிகிச்சை பெற்றார். நோயுற்றிருந்த 1918 ஆம் ஆண்டிலேயே அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வானார்.

அக்கால ஆய்வுக்கூட முறைகள்

காச நோய் நுண்ணுயிரியைக் கண்டறிந்ததை இராபர்ட் கோக் 1882 இல் அறிவித்தார். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவும் சீல்-நீல்சன் முறை விரைவில் உருவானது. மெழுகுத்தன்மை வாய்ந்த உறையுள்ள இந்நுண்ணுயிரி சாயத்தை இழக்காமல், நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சி போலத் தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 நுண்ணுயிரிகளாவது இருந்தால்தான் இம்முறையில் அவை எளிதில் புலப்படும். வளர்ப்பு ஊடகச் சோதனைக்கு வாரக்கணக்கில் காலம் ஆகும். டியூபர்குலின் தோல் சோதனை, தொற்று ஏற்பட்டதைக் காட்டுமே தவிர நோயை உறுதி செய்யாது. எனவே பல நேரங்களில் காய்ச்சல், எடைக் குறைவு போன்ற அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர்கள் முடிவு செய்தனர்.

இறுதி நாட்கள்

1919 இல் தாயகம் திரும்பிய இராமானுசன் கொடுமுடி, கும்பகோணம், சென்னை ஆகிய ஊர்களில் தங்கினார். மருத்துவர் பி. எஸ். சந்திரசேகர் சிகிச்சை அளித்தார். 1920 சனவரியில் போலித் தீட்டா சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார்.

மறு ஆய்வு

1994 இல் டி. ஏ. பி. யங், கிடைத்த குறிப்புகளை ஆராய்ந்து, நோய் கல்லீரல் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்றார். சீதபேதியை உண்டாக்கும் அமீபா உடலில் பல ஆண்டுகள் மறைந்திருந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். இதற்கு எமெட்டின் ஊசி மருந்து 1912 முதலே பயன்பாட்டில் இருந்தது. அவ்வாறாயின், சரியாகக் கண்டறியப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. எனினும் இக்கருத்து அறிகுறிகளின் அடிப்படையிலான ஊகமேயன்றி ஆய்வுக்கூடச் சான்று அன்று.

அவர் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில் 1956 இல் காச நோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நுண்ணுயிரியின் மரபணுவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கண்டறியும் சோதனைகளும் இப்போது பயன்பாட்டில் உள்ளன.