தச்சர் மகன் விவியன் தாமஸ்

குற்றாலச் சாரலில் நெடுநேரம் நனைந்த சிறுவரின் உதடுகள் நீலம் பாரிப்பதை நாம் அறிவோம். துவட்டிக் குளிர்காய்ந்தால் செம்மை மீளும். பிறவியிலேயே நீலம் பாரித்த குழந்தைகளுக்கோ அது மீள்வதில்லை. இதயத்தின் கீழறைகளுக்கிடையே துளை. நுரையீரலுக்குச் செல்லும் வழியோ குறுகியது. ஆதலின் உயிர்வளி குன்றிய குருதியே உடலெங்கும் ஓடுகிறது. 1944 வரை இக்கொடுமைக்குத் தீர்வில்லை. தீர்வு கண்ட மூவருள் ஒருவர் மருத்துவரே அல்லர்.

விவியன் தாமஸ் 1910-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் தச்சர், மகனும் அத்தொழிலே பயின்றார். மருத்துவம் கற்கச் சேர்த்த பணம் வங்கி முறிந்தபோது போயிற்று. 1930-இல் ஆல்பிரட் பிளாலக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆய்வுப்பணி, சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டதோ துப்புரவாளர் என்று!

1941-இல் இருவரும் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் பெயர்ந்தனர். நுரையீரலுக்குக் கூடுதல் குருதி செல்ல வழிசெய்ய இயலுமா என்று அங்கிருந்த குழந்தை மருத்துவர் ஹெலன் டௌசிக் அம்மையார் வினவினார். தாமஸ் நாய்களிடத்து அந்நோய்நிலையை உண்டாக்கினார். கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைத்துப் பார்த்தார். சிசுவின் மெல்லிய நாளங்களுக்கேற்ப ஊசிகளையும் கிடுக்கிகளையும் தாமே திருத்தி அமைத்தார். உளிபிடித்த கையின் நுட்பம் இங்கே உதவியது என்றே நாம் கருதுகிறோம்.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதப் பெண் குழந்தை; எடை நான்கு கிலோ அளவே. கத்தி பிடித்தவர் பிளாலக். எனினும் அச்சிகிச்சையில் கைபழகியவர் தாமஸ்தாம். ஆகவே பிளாலக்கின் தோளுக்குப் பின்னே, முக்காலிமேல் நின்று, தையல்தோறும் வழி கூறினார். குழந்தை பிழைத்தது; சில மாதங்களுக்குப் பின் இறந்தது. ஆயினும் வழி திறந்துவிட்டது. மூன்றாவதாக வந்த சிறுவனுக்கோ அறுவை மேசையிலேயே உதடுகள் சிவந்தன.

1945-இல் வெளியான கட்டுரையில் பிளாலக், டௌசிக் பெயர்களே இருந்தன. தாமஸின் பெயர் நன்றியுரையிலும் இல்லை. வருவாய் போதாமையால், பிளாலக் இல்ல விருந்துகளில் அவர் பரிமாறும் வேலையும் செய்தார். அங்கே உண்டவர்களுள் பகலில் அவரிடம் பயின்ற மருத்துவர்களும் இருந்தனர்.

1954-இல் துளையை அடைத்துக் குறுகிய வழியை விரிக்கும் முழுச்சீரமைப்பு வந்தது. எனினும் உடனே அதனைத் தாங்கவியலாத சிசுக்களுக்கு அந்தப் பழைய இணைப்பின் வழிவந்த முறை இன்றும் உதவுகிறது.

ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1976-இல் தாமஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்! 1985-இல் அவர் மறைந்தார். இன்று மருத்துவர் பலர் அச்சிகிச்சையைப் பிளாலக்-தாமஸ்-டௌசிக் இணைப்பு என்றே வழங்குகின்றனர்.